கம்பத்துப் பெட்டியும் பள்ளிப் பிள்ளைகளின் கேள்வியும்

2016 ஆகஸ்டில் சிகாகோ நகரின் டேமன் அவென்யூவில், போக்குவரத்து விளக்குக் கம்பங்களில் வெள்ளைப் பெட்டிகள் ஏறின. கிண்ணங்களைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தோற்றம். உள்ளே வெப்பநிலை, ஒளி, அதிர்வு, இரைச்சல், கார்பன் மோனாக்சைடு, ஓசோன் முதலியவற்றை அளக்கும் உணரிகள். கூடவே கேமராவும் இருந்தது. திட்டத்தின் பெயர் 'அர்ரே ஆஃப் திங்ஸ்'. ஆர்கான் தேசிய ஆய்வகமும் சிகாகோ பல்கலைக்கழகமும் நகர நிர்வாகத்துடன் சேர்ந்து நடத்தின. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2015இல் 31 லட்சம் டாலர் கொடுத்தது. 500 பெட்டிகள் வைப்பது இலக்காக இருந்தது.

காற்றில் எவ்வளவு நச்சு, எந்தத் தெரு அதிகம் கொதிக்கிறது, எந்தச் சந்திப்பில் நெரிசல் என்று தெரிந்தால் நகரத்துக்கு நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் கம்பத்தின் கீழே நடந்துபோகிறவருக்குத் தெரிவது ஒரு கண்ணாடிக் கண் மட்டுமே. சிகாகோவில் போலீசாரின் கண்காணிப்புக் கேமராக்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் உண்டு. இது ஆய்வுக்கான கண், அது காவலுக்கான கண் என்று தரையில் நின்று யாரால் பிரித்தறிய முடியும்?

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 2014இல் திட்டம் முதன்முதலில் செய்தியானபோது, சாலையில் போகிறவர்களின் கைபேசி ப்ளூடூத் சமிக்ஞைகளை எண்ணும் யோசனையும் அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. 2016 ஜூனில் தனியுரிமைக் கொள்கையின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பில்சன் பகுதியின் நூலகத்திலும் ஒரு கூட்டம் நடந்தது. கேமரா எடுக்கும் படத்தைப் பெட்டிக்குள் இருக்கும் கணினியே எண்ணிக்கையாக மாற்றிவிட்டுப் படத்தை அழித்துவிடும்; கருவியைச் சரிபார்ப்பதற்காகச் சிறு பகுதி மட்டும் வைத்துக்கொள்ளப்படும் என்று விளக்கம் தரப்பட்டது. பொறியாளருக்கு இது போதுமான பதில். குடியிருப்பவருக்கு அந்தச் 'சிறு பகுதி' என்ற சொல்லில்தான் கதையே தொடங்குகிறது.

பதின்ம வயதினர் இங்கேதான் வருகிறார்கள். கம்பத்தில் முதல் பெட்டி ஏறும் முன்பே, அதே நகரின் லேன் டெக் பள்ளியில் 'லேன் ஆஃப் திங்ஸ்' என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் படிக்கும் பெரிய அரசுப் பள்ளி அது. சிகாகோ கலைக் கல்வி நிறுவனமும் ஆய்வாளர்களும் உடன் நிற்க, மாணவர்களே உணரிகளைப் பொருத்திச் சிறு பெட்டிகள் செய்து பள்ளிக் கட்டடத்துக்குள் வைத்தார்கள். இரைச்சல், வெப்பம், ஆள் நடமாட்டம் என்று தங்கள் அன்றாட இடத்தையே அளந்தார்கள்.

ஒரு மைக்ரோஃபோன் பேச்சைப் பதிவு செய்கிறதா, ஓசையின் அளவை மட்டும் குறித்துக்கொள்கிறதா என்பதைத் தீர்மானிப்பது சில வரி நிரல்தான். அந்த வரிகளைத் தன் கையால் எழுதிய பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை மாற்றி எழுதுவது எவ்வளவு எளிது என்பதும் தெரிந்துவிடும். நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் வேண்டிய அறிவு ஒன்றேதான். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அதிகாரி சொல்வதைவிட, வீட்டுக்கு வந்து 'இந்தப் பெட்டி இதைச் செய்யும், இதைச் செய்யாது, ஆனால் செய்ய வைக்கலாம்' என்று மகள் சொல்வது அம்மாவிடம் எடுபடும்.

ஆனாலும் ஒரு குறை. அளக்கப் பழகிய பிள்ளைகள் வேறு, 'இதை ஏன் அளக்கிறீர்கள்' என்று கேட்கும் பிள்ளைகள் வேறு. பெட்டி வருவதென்று பெரியவர்கள் முடிவு செய்த பிறகு மாணவர்களைக் கூப்பிட்டால், அவர்கள் அழைப்பிதழில் அச்சிடப்படும் அலங்காரமாகிவிடும் ஆபத்து உண்டு. பல நகரங்களின் 'ஸ்மார்ட் சிட்டி' விளம்பரப் படங்களில் சிரிக்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐயம் வரும்.

இதற்கு மாறான ஒரு மரபும் அமெரிக்காவில் இருக்கிறது. இளையோர் பங்கேற்புச் செயல் ஆய்வு என்று அதைச் சொல்லலாம். எதை ஆராய்வது என்பதை இளையோரே தேர்ந்தெடுப்பார்கள். கேள்வித்தாளையும் அவர்களே எழுதுவார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறையைக் கற்றுக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நியூயார்க்கில் நடந்த 'போலிங் ஃபார் ஜஸ்டிஸ்' ஆய்வு இதற்கு நல்ல சான்று. கல்வி, உடல்நலம், காவல்துறை ஆகிய மூன்றையும் பற்றி 14 முதல் 21 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டார்கள். முந்தைய ஆறு மாதத்தில் போலீசாரிடம் கசப்பான அனுபவம் நேர்ந்ததாக ஏறத்தாழ பாதிப்பேர் சொன்னார்கள். முடிவுகளை அறிக்கையாக மட்டும் விடாமல் மேடையில் நடித்தும் காட்டினார்கள்.

அது கருவிகளைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் ஒரு தெருவில் கேமரா வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய தகவல் அதுதான். போலீஸ் நிறுத்திச் சோதித்த கசப்பு ஏற்கெனவே இருக்கும் தெருவில், காற்றை அளக்கும் பெட்டியையும் யாரும் காற்றை அளக்கும் பெட்டியாகப் பார்க்கமாட்டார்கள். இத்தகைய நினைவுகளைத் திரட்டுவதில் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. முடிதிருத்தும் கடையிலும் கூடைப்பந்து மைதானத்திலும் அவர்கள் கேட்டால் ஆட்கள் பேசுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வருகிறவர் கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று முடித்துக்கொள்வார்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை சான் டியாகோ காட்டியது. 2016 டிசம்பரில் அந்நகர மன்றம் சுமார் 3 கோடி டாலர் செலவில் 'ஸ்மார்ட்' தெருவிளக்குகளுக்கு ஒப்புதல் தந்தது. மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தையும் வாகன நிறுத்தத்தையும் அளக்கலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்களில் கேமராக்கள் வந்தன. 2018 ஆகஸ்டில் ஒரு கொலை வழக்குக்காகப் போலீசார் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அதுவே வழக்கமானது. கொலையாளியைப் பிடிக்க உதவினால் நல்லதுதானே என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வாங்கும்போது ஒரு காரணம், வாங்கிய பின் வேறொரு பயன் என்றானதும், அடுத்து எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு யார் சொல்லும் பதிலும் செல்லாமல் போனது.

மக்கள் அமைப்புகள் கூட்டணியாகத் திரண்டன. 2020 செப்டம்பரில் கேமராக்களை நிறுத்த மேயர் உத்தரவிட்டார். கேமராவை அணைத்தால் தெருவிளக்கும் அணையும்படி இரண்டும் பிணைக்கப்பட்டிருந்தது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. 'இதை எப்படி அணைப்பது?' என்ற சாதாரணக் கேள்வியை 2016இல் யாராவது மன்றத்தில் எழுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். லேன் டெக் பள்ளியில் பெட்டி செய்த ஒரு மாணவருக்கு முதல் நாளே தோன்றக்கூடிய கேள்வி அது.

அந்த எதிர்ப்பின் விளைவாக 2022இல் சான் டியாகோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்தும் முன் அந்தந்தப் பகுதியில் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும் என்றது அது. தனியுரிமை ஆலோசனைக் குழு அக்கருவியைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2023இல், வாகன எண்களைப் படிக்கும் வசதியுடன் 500 ஸ்மார்ட் விளக்குகள் வேண்டும் எனப் போலீசார் மீண்டும் கேட்டார்கள். கூட்டங்கள் நடந்தன. ஆலோசனைக் குழு, 'விளக்குகள் வேண்டாம்' என்று பரிந்துரைத்தது. நகர மன்றம் ஒப்புதல் அளித்தது.