லைட் எரியுது, நெட் வரல!

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் வேண்டுமென்றால் எஸ்.பி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து பொடிநடை தூரம். சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் உங்களை வெளியூர் என்று முடிவுகட்டி, மீட்டருக்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கீழே கடை, கண்ணாடி அலமாரி, பேரம், கன்னடமும் உருதும் இந்தியும் தமிழும் கலந்த இரைச்சல். இதெல்லாம் எல்லோரும் பார்த்ததுதான். நாம் போகப்போவது கடைக்குப் பின்னால். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் ரிப்பேர் ரூம்!

அதுவும் இன்றைக்கு என்ன கேஸ் தெரியுமா? லினக்ஸ் மிஷின். நெட்வொர்க் கார்டு பேசமாட்டேன் என்கிறது. சிலருக்கு சினிமா ஷூட்டிங் பார்த்தால் குஷி, எனக்கு இது.

மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஸ்ரீராமபுரத்துத் தமிழர். பெயர் போடக்கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "பேர் போட்டீங்கன்னா நாளைக்கே சொந்தக்காரங்க எல்லாரும் வைஃபை பார்க்கக் கூப்பிடுவாங்க சார். காசும் தரமாட்டாங்க, காபியும் தரமாட்டாங்க." சரி, அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய ஒரு சிபியு. ஒரு டியூஷன் சென்டருடையது, உள்ளே உபுண்டு. மேலே ஒட்டிய சீட்டில் கடைப்பையன் எழுதியிருக்கிறான்: 'நெட் பர்த்தா இல்ல.' கன்னடத்தில் மூன்றே வார்த்தை, உலகத்தில் உள்ள அத்தனை நெட்வொர்க் கோளாறும் அதற்குள் அடக்கம்.

நான் கீபோர்டைப் பார்க்கிறேன். அண்ணன் மிஷினைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறார். கேபிள் சொருகும் துளைக்குப் பக்கத்தில் குட்டியாக இரண்டு விளக்கு. ஒன்று லிங்க், இன்னொன்று போக்குவரத்து. சொருகினார். லிங்க் விளக்கு பச்சையாக எரிந்தது. "ஆஹா, கார்டு நல்லாத்தானே இருக்கு!" என்றேன். சிரித்தார். பல கார்டுகளில் அந்த விளக்கை ஏற்றுவது கார்டில் இருக்கும் ஃபிசிக்கல் லேயர் சிப்தானாம். லினக்ஸ் எழுந்திருக்கவே வேண்டாம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே கம்பி சேர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பச்சை சாட்சி.

அடுத்துதான் கறுப்புத் திரை. 'எல்எஸ்பிசிஐ' என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'என்என்கே' சேர்த்தார். மதர்போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அத்தனை சாதனங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரியல்டெக் என்றால் 10ஈசி. இன்டெல் என்றால் 8086! கவனித்தீர்களா? 1978-இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண் அது. தங்கள் அடையாள எண்ணாகவும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக உங்கள் மிஷினுக்குள் இப்படி ஒரு குறும்பு உட்கார்ந்திருக்கிறது, யாருமே நம்மிடம் சொல்லவில்லையே!

அந்த எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: எந்த டிரைவர் இந்தக் கார்டை ஓட்டுகிறது என்று. அந்த வரியே இல்லாவிட்டால் கார்டு இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்று பொருள். டிரைவர் இருந்தும், கார்டுக்குள் ஓடவேண்டிய குட்டி நிரலான ஃபர்ம்வேர் கிடைக்காமல் தவிப்பது இன்னொரு ரகம். அது 'டிமெஸ்ஜி' அடித்தால் தெரிந்துவிடும், கெர்னல் தன் குறையை அங்கே கொட்டி வைத்திருக்கும். டெபியன்காரர்கள் இந்த ஃபர்ம்வேர் கோப்புகளைக் கொள்கைக் காரணத்தால் வெகுகாலம் தங்கள் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமலே இருந்தார்கள். நெட் வருவதற்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை எடுக்க நெட் வேண்டும்! 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12-இல்தான் கூடவே வைத்தார்கள். கொள்கை பெரிதுதான். ஆனால் நள்ளிரவில் இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பவனுக்கும் ஒரு நியாயம் உண்டு.

நம் டியூஷன் சென்டர் மிஷினில் டிரைவர் இருந்தது. ஆர்8169, ரியல்டெக்குக்கு உரியது. அடுத்து 'ஐபி லிங்க்'. கார்டின் பெயர் இஎன்பி4எஸ்0 என்று காட்டியது. பழைய ஆட்களுக்கு 'ஈத்0' என்றால்தான் புரியும். 2013-இல் சிஸ்டம்டி என்ற லினக்ஸ் மென்பொருள் அந்தப் பெயரை மாற்றி, கார்டு எந்த பஸ்ஸில் எந்த ஸ்லாட்டில் இருக்கிறதோ அதை வைத்துப் பெயரிட ஆரம்பித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டோ புது எஸ்எஸ்டியோ நடுவில் நுழைந்தால் பஸ் எண் நகர்ந்து, 3 என்பது 4 ஆகிவிடக்கூடும். கான்ஃபிக் கோப்பு இன்னும் 3-ஐயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இல்லாத ஆளுக்கு எழுதிய கடிதம்! அண்ணன் கோப்பைத் திறந்து பார்த்தார். அது ஒழுங்காக இருந்தது.

"பிங் போட்டுப் பார்த்துட்டேன், வருதுன்னு எழுதியிருக்காங்களே?" சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். "எந்த அட்ரஸுக்கு?" என்றார். மிஷினுடைய சொந்த ஐபிக்கு. அவ்வளவுதான், அண்ணனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "சார், அதுதான் பெரிய ஏமாத்து வேலை!" தன் ஐபிக்கே பிங் போட்டால் லினக்ஸ் அதை லூப்பேக் வழியாக உள்ளுக்குள்ளேயே சுற்றிவிட்டுப் பதில் தந்துவிடும். பாக்கெட் கார்டை எட்டியே பார்க்காது. கார்டு செத்திருந்தாலும் பிங் வரும். பிங் போட வேண்டியது, மிஷினை வெளியுலகத்தோடு சேர்க்கும் வாசலான கேட்வேக்கு. கேட்வேயிலிருந்து பதில் வந்தால்தான் கார்டு, கேபிள், ஸ்விட்ச் மூன்றும் தேறின என்று அர்த்தம்.

இந்த இடத்தில் அண்ணன் பக்கத்திலிருந்த இன்னொரு மிஷினில் ஒரு வித்தை காட்டினார். 'ஈத்டூல்', ஒரு கோடு, 'பி', கார்டின் பெயர். என்டர் தட்டியதும் முதுகில் இருந்த விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது! பத்து மிஷின் அடுக்கியிருக்கும் ரேக்கில் எந்தத் துளை எந்தக் கார்டு என்று கண்டுபிடிக்கவே இந்த வசதி. எல்லா டிரைவரும் இதற்கு இசைவதில்லை. நம் ஆர்8169 இசையாது, அந்த மிஷினுடையது இசைந்தது. நான் அதை இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதே ஈத்டூலிடம் கேட்டால் வேகத்தையும் சொல்லும். 1000 வந்தால் சரி. 100 என்று வந்தால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். உள்ளே எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலக் கம்பி ஒன்று உள்ளே அறுந்திருந்தால் சில கார்டுகள் சமர்த்தாக 100-க்கு இறங்கிவந்துவிடும். சில பிடிவாதக்காரக் கார்டுகள் 1000-க்கே முட்டி மோதி, லிங்கே வராமல் விழித்துக்கொண்டு நிற்கும். கார்டு போச்சு என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். கிரிம்பிங் டூலும் புது ஆர்ஜே45 முனையும் இருந்தால் அங்கேயே முடியக்கூடிய வேலை. லினக்ஸ் 5.8 வந்த 2020-இலிருந்து சில கார்டுகளில் இன்னும் ஒரு அதிசயம்: கேபிள் டெஸ்ட். கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்றே சொல்லிவிடும். நம் ரியல்டெக்கில் அது வேலை செய்யவில்லை. விட்டுவிட்டோம்.

டீ வந்தது. டீ வந்தால் பழங்கதை வரும். பெங்களூரில் லினக்ஸுக்கு ஒரு வம்சமே உண்டு. 1996-இல் பிசிக்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சிடியை இலவச இணைப்பாகக் கொடுத்தபோது அதற்குப் பின்னால் இருந்தவர் இந்த ஊர்க்காரரான அதுல் சிட்னிஸ். 2001-இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு தொடங்கியது, 2005-இல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறியது. லினக்ஸின் நெட்வொர்க் பகுதியை ஆரம்ப நாட்களில் தோள்மேல் சுமந்த ஆலன் காக்ஸே அந்த வருஷம் இங்கே வந்து பேசினார். அந்தக் காலத்து என்இ2000 கார்டுகளில் குட்டி ஜம்பரை நகர்த்தி ஐஆர்க்யூ மோதலைத் தீர்த்தவர்கள் இன்றும் எஸ்.பி. ரோட்டில் உண்டு. அந்தக் காலத்து நெட்வொர்க் கார்டுகள் பலவற்றுக்கு டிரைவர்களை எழுதிக் குவித்த டொனால்ட் பெக்கர் நாசாவில் இருந்தார் என்றால் நம்புவீர்களா? சாதாரண பிசிக்களைக் கோத்து சூப்பர் கம்ப்யூட்டர் செய்யும் பியோவுல்ஃப் வேலைக்கு அவருக்கு அவை தேவைப்பட்டன. அதில் கொட்டிய மீதிதான் நம் டியூஷன் சென்டர்வரை வந்திருக்கிறது.

திகில் கதையும் உண்டு. 2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களின் இன்டெல் கார்டுகள் திடீர் திடீரென்று செத்தன. கார்டுக்குள் நிரந்தரமாக எழுதிவைத்த விவரங்களே அழிந்துபோயின. எல்லோரும் நெட்வொர்க் டிரைவரை உலுக்கிப் பார்த்தார்கள், கிராஃபிக்ஸ் டிரைவரையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் மாட்டியது யார்? எஃப்டிரேஸ் என்ற உளவுக் கருவி! கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பார்ப்பதற்காக வைத்தது. காலியாகிப்போன ஒரு நினைவக முகவரியில் இன்னும் பழைய குடித்தனம்தான் இருக்கிறது என்று நம்பி எழுதப்போனது. அதற்குள் அந்த முகவரி கார்டின் நினைவகத்துக்குக் கைமாறியிருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் நெட்வொர்க் கார்டுக் கதைகளில் முதலிடம் 2013-இல் வந்ததற்குத்தான். கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற அமெரிக்கர் இணையத் தொலைபேசிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த இன்டெல் 82574எல் கார்டு அவ்வப்போது உறைந்துபோனது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் உயிர் வரும். துருவித் துருவிப் பார்த்தார். பாக்கெட்டில் குறிப்பிட்ட ஒரே ஓர் இடத்தில் '2' என்ற எழுத்து வந்தால் கார்டு காலி! அதே இடத்தில் வேறு சில எழுத்துகள் முதலில் வந்துவிட்டால், தடுப்பூசி போட்டதுபோல அதன்பிறகு '2' வந்தாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு தயாரித்தவர்கள் கார்டின் ஈஈபிராமைத் தவறாக எழுதியதால் வந்த வினை என்று இன்டெல் விளக்கம் சொன்னது. அண்ணன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நம்ம கஸ்டமர் யாராவது வந்து, 2-ன்னு டைப் பண்ணா நெட் போகுது அண்ணான்னு சொல்லியிருந்தா நான் துரத்தியிருப்பேன் சார்."

சரி, நம் மிஷின்? கடையின் ஸ்விட்ச்சில் சொருகியதும் ஐபி வந்தது, கேட்வே பதில் சொன்னது, கன்னடப் பாட்டு ஓடியது. கோளாறே இல்லை! இங்கே ஓடுவது அங்கே ஏன் ஓடவில்லை? அண்ணன் போனை எடுத்தார்.

"அக்கா, எஸ்.பி. ரோட்டிலேருந்து பேசறேன். உங்க மிஷின்ல புதுசா கார்டு ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஆமாப்பா. போன வாரம் இடி இடிச்சுதுல்ல, அதுல பழசு போயிடுச்சு. பையன் புதுசு வாங்கிப் போட்டான்."

"பழைய கார்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லப்பா, டப்பாவுலதான் இருக்கு."

"அதுமேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பன்னெண்டு எழுத்து. அப்படியே படிங்க."

பெங்களூரின் ஏப்ரல், மே மாத இடிமழை லேன் துளைகளின் எமன். கேபிள் மரத்துக்கு மரம், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வரும் தெருக்களில் கேட்கவே வேண்டாம். ஆனால் இங்கே கார்டு மாறியதுதான் முழுக்கதையும். ஏரியா இன்டர்நெட்காரர்கள் பலர் கனெக்‌ஷனை கார்டின் அடையாள எண்ணான ஒரே ஒரு மேக் அட்ரஸோடு கட்டிப்போட்டு வைத்திருப்பார்கள். கார்டு மாறினால் மேக் மாறும், மேக் மாறினால் அவர்கள் பக்கத்து மிஷின் 'நீ யார்' என்றுகூடக் கேட்காது. லைட் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் புது மேக்கைப் பதியச் சொல்வது முறையான வழி. அண்ணன் அந்த வழிக்கு நேரமில்லாதவர். பழைய கார்டின் மேக்கைப் புதுக் கார்டுக்குச் சூட்டினார், ரீஸ்டார்ட் செய்தாலும் நிற்கும்படி நெட்வொர்க் மேனேஜரிலும் எழுதிவைத்தார். கார்டில் கைவைக்கவில்லை, சால்டரிங் அயர்ன் சூடேறவே இல்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு போன பையன் அரை மணியில் போன் செய்தான். "அண்ணா, வந்துடுச்சு!"

பில் எவ்வளவு போட்டார் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. நியாயமான தொகை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் மிஷினோடு நீங்களும் ஒரு நாள் இங்கே வரலாம். வந்தால் பழைய கார்டையும், வீட்டில் மாட்டியிருந்த அதே கேபிளையும் கூடவே எடுத்து வாருங்கள். மிஷினை மட்டும் கொண்டுவருகிறவர்களைத்தான் அண்ணன் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.