மால்டாவின் மஞ்சள் பேருந்துகள்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே, மால்டா என்னும் சிறு நாடு அமைந்துள்ளது. கப்பற்சேதத்தில் உயிர் தப்பிய புனித சின்னப்பர் கரையேறிய மெலித்தா இதுவே என்று காலங்காலமாகப் போற்றப்படுவதால், நம் வாசகர்களுக்கு இந்நாடு முற்றிலும் புதியதன்று. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகள் யாவும் சேர்ந்தாலும் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் எல்லையைக் காட்டிலும் சிறியது. இச்சிறு நாடு, தான் நெடுங்காலம் நேசித்த மஞ்சள் பேருந்துகளுக்கு 2011-ஆம் ஆண்டில் ஒரே இரவில் விடைகொடுத்தது. அதன் விளைவு என்னவாயிற்று என்பதை நாமும் அறிந்துகொள்வது நன்று. பழையதை விட்டுப் புதியதை ஏற்க வேண்டிய வேளை நாடுகளுக்கு மட்டுமன்று, ஊருக்கும் வீட்டுக்கும் வருவதன்றோ!

அந்தப் பேருந்துகளைப் போல் வேறெங்கும் காண்பது அரிது. பிரிட்டனிலிருந்து வந்த பெட்ஃபோர்டு, லேலண்டு முதலிய வண்டிகளின் அடிச்சட்டங்கள்மீது மால்டாவின் பட்டறைகளிலேயே கூண்டு கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் எஞ்சிய இராணுவ லாரிகளும் இவ்வாறு பேருந்துகளாக மறுபிறப்பெடுத்தன. தொடக்கத்தில் வழித்தடத்துக்கு ஒரு வண்ணம் இருந்தது, 1970-களில் எல்லாம் பச்சையாயின, 1995-இல் மஞ்சளாயின. கோசோ தீவில் மட்டும் சாம்பல் நிறத்தில் சிவப்புப் பட்டை. வண்டியின் முகப்பில் குரோமியத் தகடுகள் பளபளக்கும். ஓட்டுநரின் இருக்கையருகே தேவமாதாவின் படமோ, ஊர்க் காவலரான புனிதரின் படமோ இருக்கும். இறங்க வேண்டியவர் கூரையை ஒட்டிச் செல்லும் கயிற்றை இழுத்து மணியடிப்பார். தலைநகராகிய வலேட்டாவின் வாயிலில், டிரைட்டன் நீரூற்றைச் சூழ இவ்வண்டிகள் நின்ற காட்சியை எத்தனையோ அஞ்சலட்டைகள் உலகெங்கும் கொண்டு சென்றன.

இந்த அழகுக்கு ஒரு காரணம் உண்டு. வண்டிகள் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. சுமார் ஐந்நூறு வண்டிகளுள் பெரும்பாலானவை ஓட்டுநர்களுக்கோ அவர்தம் குடும்பத்துக்கோ உரியவை. வேலை எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்பதால், பாதி வண்டிகள் இன்று ஓடினால் மறுபாதி நாளை ஓடும். உழவன் தன் காளைகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டுவது போல, உரிமையாளன் தன் வண்டியை அலங்கரித்தான். தனக்குச் சோறு போடும் பொருளிடத்து மனிதன் கொள்ளும் பாசம் அது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது.

ஆயினும், பழமையைப் போற்றுகிறவர்கள் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. இப்பேருந்துகளும் ஒருகாலத்தில் புதுமையாய் வந்தவையே. 1883 முதல் வலேட்டாவிலிருந்து உள்நாட்டுக்கு ஒரு புகைவண்டி ஓடியது. 1905-இல் டிராம் வண்டியும், அதே ஆண்டில் முதற்பேருந்துகளும் வந்தன. பேருந்துகள் பெருகப் பெருக, டிராம் 1929-இலும் புகைவண்டி 1931-இலும் நின்றுபோயின. புகைவண்டியின் ஊதலைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் அன்று பேருந்தை எவ்வளவு அன்போடு நோக்கியிருப்பர்! இன்று நாம் ‘பழமை’ என்று கண்ணீர் வடிப்பது, நேற்று எவரோ ஒருவரின் கண்ணீருக்குக் காரணமாயிருந்த புதுமையே.

மேலும், இவ்வண்டிகளை மிகுதியாகப் பாராட்டியவர்கள் யார்? ஒரு வாரம் தங்கிப் படம்பிடித்துச் செல்லும் சுற்றுலாப் பயணிகள். நாள்தோறும் அவற்றில் ஏறியவர்களின் பேச்சு வேறாக இருந்தது. கரும்புகை, இரைச்சல், கோடை வெயிலில் வெந்துபோகும் இருக்கை, சில ஓட்டுநர்களின் கடுஞ்சொல் ஆகியவை அவர்கள் கண்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உயரமான படிகள்! தள்ளாத மூதாட்டியும், கைக்குழந்தையோடு வரும் தாயும் தட்டுத்தடுமாறியே ஏறினர். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கோ பழைய வண்டியில் இடமே இல்லை. 2011-க்கு முன்பே தாழ்தள வண்டிகள் ஓரளவு வந்திருந்தன என்பது மெய். ஆனால் நிறுத்தத்துக்கு அடுத்து வரும் வண்டி எது என்பதை யார் அறிவார்? உரிமையாளர்களின் சங்கமும் வலிமை மிக்கது. 2008 ஜூலையில் அது நடத்திய வேலைநிறுத்தத்தில் நாடே திணறியது. ஆகவே, மாற்றம் வேண்டும் என்று மக்களே கேட்டார்கள். நாம் அன்பு செலுத்தும் ஒன்றில் சிலர் ஏறவே முடியாதிருக்கும்போது, அவ்வன்பு குறையுள்ள அன்பே.

இவ்வாறு மாற்றம் நியாயமானது. மாற்றிய முறைதான் குறையுடையதாயிற்று.

2011 ஜூலை 3-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அர்ரைவா என்னும் அயல்நாட்டு நிறுவனம் பொறுப்பேற்றது. முந்தின நாள் வரை மஞ்சள் வண்டிகள் நின்ற இடத்தில் புதிய நீலப்பச்சை வண்டிகள் நின்றன. தாழ்ந்த தளம், குளிர்சாதனம், எந்திரச் சீட்டு என வசதிக்குக் குறைவில்லை. ஆயினும் முதல் நாளிலேயே ஓட்டுநர் பலர் வேலைக்கு வரவில்லை. பிரிட்டனிலிருந்து ஓட்டுநர்களை வரவழைக்க நேர்ந்தது. வண்டியோடு வழித்தடங்களும் ஒருசேர மாற்றப்பட்டன. முன்பு ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலிருந்தும் வலேட்டாவுக்கு நேரே செல்லலாம். இப்போது பலர் நடுவழியில் இறங்கி வேறு வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் சீராகத் தோன்றியது, மருத்துவமனைக்குச் செல்லும் முதியவருக்குச் சீராக இல்லை. சில மாதங்களிலேயே வழித்தடங்களைத் திருத்த நேர்ந்தது.

லண்டன் மாநகரம் கழித்துவிட்ட நீண்ட இணைப்புப் பேருந்துகளும் இங்கே வந்தன. நடுவில் துருத்தி போன்ற மடிப்பு; நீளமோ 18 மீட்டர். அகன்ற வீதிகளுக்கென அமைந்த அவ்வண்டிகள் மால்டாவின் குறுகிய தெருக்களில் திரும்ப இயலாது தவித்தன. 2013 ஆகஸ்டில் அவற்றுள் சில அடுத்தடுத்துத் தீப்பற்றவே, அரசு அவற்றைச் சாலையிலிருந்து விலக்கியது. பெரும் நட்டத்துக்குள்ளான நிறுவனம் இரண்டரை ஆண்டுகளில் வெளியேறியது. 2014-இன் தொடக்கத்தில் அரசே பேருந்துகளை நடத்தியது. 2015-இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பு சென்றது. பின்னர் நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது. 2022 அக்டோபர் முதல், தம் பெயரில் பயண அட்டை பெற்ற உள்நாட்டவர் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம் என்றும் ஏற்பட்டது. ஆயினும் மக்கள்தொகைக்கு மிகுதியான கார்களைக் கொண்ட நாடுகளுள் மால்டாவும் ஒன்று. பேருந்தை நம்ப இயலாதவர் கடன் வாங்கியேனும் கார் வாங்குகிறார். கார் பெருகிய தெருவில் பேருந்து மேலும் தாமதிக்கிறது. கார் வாங்க வழியற்றவரோ நிறுத்தத்திலேயே நிற்கிறார். மாற்றம் தவறினால் அதன் விலையைச் செலுத்துபவர் எப்போதும் இவரே.

மால்டா நமக்குக் கற்பிப்பது யாது? பேருந்துச் சேவை என்பது வெறும் இரும்பும் எந்திரமும் அன்று. எந்த முனையில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பர், எந்தத் தெருவில் எந்த வண்டி திரும்பும், எந்த நேரத்தில் எந்த ஊர்த் திருவிழாவால் வழி அடைபடும் என்னும் அறிவெல்லாம் பல தலைமுறைகளாக ஓட்டுநர்களின் நெஞ்சிலும் பயணிகளின் பழக்கத்திலும் சேர்ந்திருந்தது. வண்டியை ஒரே இரவில் மாற்றலாம். அந்த அறிவை ஒரே இரவில் விலைக்கு வாங்க இயலாது. புகையையும் உயரமான படியையும் களைந்திருக்க வேண்டும், களைந்தார்கள். வழியறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்த்திருக்க வேண்டும். அதற்கோ காலம் போதவில்லை.

ஆகவே, நம் ஊரிலோ, பங்கிலோ, இல்லத்திலோ நெடுநாளைய பொருளொன்றை மாற்ற நேரும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வோமாக. பழையதில் ஏற முடியாமல் இதுவரை வெளியே நின்றவர் யார்? புதியது வரும்போது வெளியே தள்ளப்படப்போகிறவர் யார்? முதற்கேள்வியை மட்டும் கேட்பவர் அவசரக்காரர். இரண்டாவதை மட்டும் கேட்பவர் எதையும் மாற்ற விடமாட்டார். இரண்டையும் கேட்டு, விடையளிப்பவரின் முகம் பார்த்து முடிவெடுப்பவரே நல்ல குடும்பத் தலைவர். நல்ல ஆட்சியாளரும் அவரே.

மஞ்சள் வண்டிகள் சில இன்றும் பேணப்பட்டு, திருமண நாள்களிலும் சுற்றுலாவின்போதும் மால்டாவின் தெருக்களில் வலம் வருகின்றன. அலங்காரத்துக்கு அவை போதும். ஆனால் திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் செல்பவருக்கு வேண்டியது ஏறக்கூடிய படியும், சொன்ன நேரத்தில் வரும் வண்டியும், வழியறிந்த ஓட்டுநரும் ஆகும்.