வெள்ளையா, பச்சையா?

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்றால் ஒரு சண்டையே நடக்கும். அண்ணனுக்கு நீலம் வேண்டும். தங்கைக்கு ரோஸ் வேண்டும்! யார் ஜெயித்தாலும் ஆபத்தில்லை. ஆனால், சுவரின் நிறத்தை ரொம்ப யோசித்து அடிக்க வேண்டிய அறை ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரியில் உள்ள ஆபரேஷன் தியேட்டர்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே சுவர், துணி, டாக்டரின் அங்கி எல்லாமே வெள்ளைதான். துளி அழுக்குப் பட்டாலும் பளிச்சென்று தெரியும். உடனே துடைத்து விடலாம். நல்ல யோசனைதான். ஆனால், டாக்டரின் கண்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குட்டீஸ், ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? பளிச்சென்ற சிவப்புக் காகிதத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, வெள்ளைத் தாளின் நடுவில் வையுங்கள். கண்ணை அசைக்காமல் 30 வினாடி அதையே பாருங்கள். (சிரிக்கக் கூடாது!) பிறகு சட்டென்று வேறொரு வெள்ளைத் தாளைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை நிறத்தில் ஒரு வட்டம் மிதக்கிறதா?

பேயும் இல்லை, மாயமும் இல்லை. நிறங்களைப் பிரித்துக் காட்ட, நம் கண்ணுக்குள் மூன்று வகைச் செல்கள் இருக்கின்றன. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால், சிவப்புக்கு அதிகமாக வேலை செய்யும் செல்கள் களைத்துப் போகும். அப்போது வெள்ளையைப் பார்த்தால் மற்ற செல்களின் கை ஓங்கிவிடும். அதனால்தான் அந்தப் பச்சை வட்டம்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் மணிக்கணக்கில் இரத்தச் சிவப்பையே பார்க்கிறார். நிமிர்ந்தால் வெள்ளைச் சுவர்! கண் கூசும், பச்சைத் திட்டுகளும் மிதக்கும். மறுபடி குனியும்போது மெல்லிய நரம்பு எது, இரத்தக் குழாய் எது என்று கண் தடுமாறினால் நோயாளியின் கதி?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இருந்த ஹாரி ஷெர்மன் என்ற டாக்டருக்கு இந்தக் கூச்சம் பெரிய தொல்லையாக இருந்தது. 1914ல் தன் ஆபரேஷன் அறையின் தரைக்கும் சுவருக்கும் பசலைக்கீரை நிறத்தில் பச்சை அடிக்கச் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கீரை நிறமா என்று சிரிக்காதீர்கள்! நிமிர்ந்து பச்சையைப் பார்க்கும்போது, களைத்த செல்களுக்கு ஓய்வு கிடைக்கும். மறுபடி குனிந்தால் சிவப்பின் சின்னச் சின்ன வித்தியாசமும் நன்றாகத் தெரியும்.

பின்னாளில் டாக்டர்களின் அங்கியும் பச்சைக்கு மாறியது. இப்போது பல இடங்களில் நீல அங்கியும் உண்டு. அதுவும் கண்ணைக் கூச வைக்காது.

சிவப்பு வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபடி 30 வினாடி அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை வெள்ளைத் தாளுக்குப் பதிலாகப் பச்சைத் தாளைப் பாருங்கள். மிதக்கும் வட்டம் எங்கே போயிற்று?