முப்பது மணி நேரக் கணக்கும் தன்னார்வத் தீயணைப்புப் படையும்

இந்த முறை மண்ணையும் விதையையும் விட்டுவிட்டு, அமெரிக்கக் கிராமங்களில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லப்போறேன். மகள் குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தில் இருப்பதால் அங்கே போய் சில மாதம் தங்கியிருந்தேன். சுற்றிலும் மாட்டுப்பண்ணை, மக்காச்சோளம், வைக்கோல் கட்டுகள். ஊர் நடுவில் ஒரு தீயணைப்பு நிலையம், உள்ளே பளபளன்னு இரண்டு வண்டி. ஆனா சம்பளத்துக்கு ஆள் ஒருத்தர்கூட இல்லை. பால் பண்ணைக்காரர், மெக்கானிக், பள்ளிக்கூட வாத்தியார், இவங்கதான் தீயணைப்பு வீரர்கள். இடுப்பில் உள்ள கருவி சத்தம் போட்டதும் கறவையை அப்படியே விட்டுட்டு ஓடுவாங்க.

இது ஏதோ ஓர் ஊர் வழக்கம் இல்லை. 1736-லேயே பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இப்படியொரு தன்னார்வப் படையை அமைத்தார். இன்றும் அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள்தான். நான் சொல்லப்போகும் காலத்தில் அவர்கள் எண்ணிக்கை ஏழு லட்சத்துக்கும் மேல். வண்டி டீசலுக்கும் குழாய்க்கும் கோழி வறுவல் விருந்து, பிங்கோ விளையாட்டு என்று நடத்திப் பணம் சேர்ப்பார்கள்.

பண்ணைக்காரருக்கு இந்தப் படை எவ்வளவு முக்கியம்னு நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டி அடுக்கிய வைக்கோல் தானாகவே சூடேறும். உள் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தினமும் பார்க்கணும், 80-ஐ நெருங்கினால் படையைக் கூப்பிட்டுத்தான் போரைப் பிரிக்கணும். நாமே அவசரப்பட்டுப் பிரித்தால் காற்று உள்ளே போய் குப்பென்று பற்றிக்கொள்ளும். இது நம்ம வைக்கோல் போருக்கும் பொருந்தும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தானியக் குதிருக்குள் ஆள் புதைந்துபோனாலும் மீட்க வருவது இதே படைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் முதலாளிகளுக்கு ஒரு நிபந்தனை. 50 முழுநேர ஊழியர் அல்லது அதற்குச் சமமான ஆள் இருந்தால், முழுநேர ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர முன்வர வேண்டும். இல்லையென்றால் அபராதம். முழுநேரம் என்பது வாரம் சராசரியாக 30 மணி நேரம். கம்பெனிக்கு மட்டுமில்லை, ஊராட்சி, நகராட்சி, லாப நோக்கமற்ற சங்கம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வங்கியில் இருந்தவரை எந்தச் சர்க்குலர் வந்தாலும் நான் முதலில் புரட்டுவது 'வரையறை' என்ற பகுதியைத்தான். வட்டி விகிதத்தைவிட அங்கேதான் வில்லங்கம் உட்கார்ந்திருக்கும். இங்கேயும் அதுதான். 'ஊழியர்' என்றால் யார்? அமெரிக்கத் தொழிலாளர் துறை கணக்கில், பெயரளவுக்கு ஒரு சின்னத் தொகை வாங்கினாலும் தீயணைப்புத் தன்னார்வலர் தன்னார்வலர்தான். ஆனா வருமான வரித் துறை கண்ணில், வேலைக்காக ஏதாவது கைக்கு வந்தால் அது சம்பளம், வாங்கியவர் ஊழியர். நிறைய ஊர்களில் ஒரு அழைப்புக்கு இத்தனை டாலர் என்று பெட்ரோல் செலவு மாதிரி கொடுப்பார்கள். பல வருஷம் சேவை செய்தவருக்கு வயதான காலத்தில் ஒரு சிறு தொகை தரும் திட்டமும் உண்டு. காப்பீட்டு அபராதத்தை வசூலிக்கப்போவது தொழிலாளர் துறை இல்லை, வரித் துறை. வயிற்றில் புளி கரைத்தது இதனால்தான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 42 முழுநேர ஊழியர் என்று வையுங்கள். 50-க்குக் கீழே என்பதால் சட்டம் தொடாது. அந்த ஊர்ப் படையில் 30 தன்னார்வலர், ஆளுக்கு மாதம் 40 மணி நேரம். மொத்தம் 1,200 மணி. பகுதிநேர மணிகளைக் கூட்டி 120-ஆல் வகுப்பது சட்டத்தின் முறை. வகுத்தால் 10 ஆள். 42-உம் 10-உம் 52. ஒரு புது ஆளைக்கூட வேலைக்கு வைக்காமலே ஊராட்சி 'பெரிய முதலாளி' ஆகிவிடுகிறது! காப்பீடு தராமல் இருந்து, ஊழியரில் ஒருவர் அரசு மானியத்தோடு வெளியே பாலிசி எடுத்தாலும் போதும், முதல் 30 பேரைக் கழித்து மீதி 12 பேருக்குத் தலைக்கு 2,000 டாலர். வருஷத்துக்கு 24,000.

இன்னொரு ஊர் ஒழுங்காகத் தன் 35 ஊழியர்களுக்கும் காப்பீடு தருகிறது. அங்கே 20 தன்னார்வலர்கள் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாரம் 30 மணி தாண்டுகிறார்கள். அவர்களையும் எண்ணினால் முழுநேரத்தார் 55. காப்பீடு கிடைத்தது 35 பேருக்கு, அதாவது 64 சதவீதம். சட்டம் கேட்பதோ 95. ஆக அபராதம் 20 பேருக்கு மட்டும் இல்லை, 55-இல் 30 போக 25 பேருக்கு, 50,000 டாலர். இந்த இரண்டு ஊரும் நான் கணக்குக்காகச் சொன்னவை, விகிதங்கள் அன்றைய சட்டத்திலும் விதியிலும் இருந்தவை. கோழி வறுத்து விற்று எத்தனை வருஷத்தில் 50,000 சேர்ப்பது?

அபராதத்தைத் தவிர்க்க ஒரு வழி, தன்னார்வலர் நேரத்தை வெட்டுவது. யாரும் 30 மணி தாண்டக்கூடாது, இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று. தீ எரியும்போது மணி பார்த்து வீட்டுக்குப் போகவா முடியும்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோருக்கு வேறு வேலை மூலம் ஏற்கனவே காப்பீடு இருக்கும். பண்ணைக் குடும்பங்களில் கணவன் மனைவியில் ஒருவர் வெளி வேலைக்குப் போவதே பல சமயம் அந்தக் காப்பீட்டுக்காகத்தான். ஆக யாருக்கும் புதிதாக மருத்துவம் கிடைக்கப்போவதில்லை, படை மட்டும் சுருங்கும். ஏழை எளியவருக்கு மருத்துவம் சேர வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எழுதின மேசைக்கு இந்தப் படை ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

தீயணைப்புத் தலைவர்கள் சங்கமும் தன்னார்வப் படைகளின் தேசியக் குழுவும் சும்மா இருக்கவில்லை. வரித் துறையிடம் விளக்கம் கேட்டார்கள், உறுப்பினர்களை எழுத வைத்தார்கள். முதலாளிகளுக்கான நிபந்தனை 2014-இல் தொடங்க வேண்டியது, ஒரு வருஷம் தள்ளிப்போனது. 50 முதல் 99 ஊழியர் உள்ள இடங்களுக்கு 2016 வரை நேரம் கிடைத்தது. அதற்குள் 2014 ஜனவரியில் நிதித் துறை இறங்கி வந்தது. அரசு அமைப்புக்கோ வரிவிலக்குப் பெற்ற சங்கத்துக்கோ வேலை செய்து, செலவுத் தொகை, நியாயமான சலுகை, வழக்கமான பெயரளவுத் தொகை இவை மட்டும் வாங்குகிறவர் உண்மையான தன்னார்வலர், அவர் நேரம் கணக்கில் வராது என்றது. பிப்ரவரியில் இறுதி விதியிலும் அது ஏறியது.

விதியை நாளைக்கு இன்னொரு அதிகாரி மாற்றலாம், சட்டமாகவே வேணும் என்றார் பென்சில்வேனியா உறுப்பினர் லூ பார்லெட்டா. அவர் மசோதா 2014 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 410-க்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. எதற்கெடுத்தாலும் சண்டை போடும் சபையில் ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை. ஆனா பிறகு காங்கிரஸ் அந்த மசோதாவின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் உள்ளே ராணுவச் செலவுச் சட்டத்தை வைத்து நிறைவேற்றிக்கொண்டது. தீயணைப்பு வாசகம் காணாமல் போனது. காலி சாக்கு கிடைத்தால் யாராவது எதையாவது போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

ஆகவே காப்பீட்டுக் கணக்கில் அந்தப் படைகளைக் காப்பது அந்த 2014 விதிதான். மற்றபடி கைக்கு வரும் தொகைக்கு வரித் துறையின் பழைய பார்வை அப்படியேதான் இருக்கு. அதில் ஒரு சின்னத் தளர்வாக, சேவை செய்த மாதத்துக்கு 50 டாலர் வரை வரி இல்லை என்பதை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். அதற்கு மேல் வாங்கினால் தன்னார்வலரும் சம்பளக்காரர் மாதிரி வரிக்கணக்கில் காட்டணும்.