முயலின் உரோமத்தில் விழும் சிக்கு

சிக்கு விழுந்த நூற்சிட்டத்தைக் கையில் எடுத்த நெசவாளர் எவரும் அதை வெடுக்கென்று இழுப்பதில்லை. இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது அவர் அறிந்ததே. அங்கோரா முயலின் உரோமத்தில் விழும் சிக்கும் அத்தகையதே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சிட்டத்தை அறுத்தெறிந்தால் நூல் மட்டுமே நஷ்டம். இங்கோ சிக்கின் அடியில் உயிருள்ள தோல் இருக்கிறது.

அங்கோரா என்பது துருக்கி நாட்டு அங்காரா நகரின் பழம்பெயர். அங்கோரா ஆடு தருவது மொஹேர். அங்கோரா முயல் தருவதே அங்கோரா உரோமம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நெசவாளரிடையேயும் உளர். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கிலுள்ள கார்சாவில், மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று ஜெர்மன் அங்கோரா முயல்களை வளர்த்து வருகிறது. குலு சால்வைகளிலும் இவ்வுரோமம் சேர்வதுண்டு. இதன் இழை மெரினோ ஆட்டின் இழையைவிட மெலிது. அதன்மீது நுண்ணிய செதில்கள் உள. ஈரமும் வெப்பமும் உராய்வும் கூடினால் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, உரோமம் கெட்டியான பாளமாகிவிடும். காதின் பின்புறம், தாடையின் கீழ், அக்குள், அடிவயிறு, வாலைச் சுற்றிய பகுதி ஆகியவற்றை நாள்தோறும் தடவிப் பார்க்க வேண்டும்.

பாளத்தைக் கண்டதும் கத்தரிக்கோலை எடுப்பது பெருந்தவறு. முயலின் தோல் மிக மெல்லியது. பாளத்தைத் தூக்கிப் பிடித்தால் தோலும் கூடாரம்போல் அதனுள் எழும்பி வரும். கத்தரியின் அலகுக்கு உரோமம் எது, தோல் எது என்று தெரியாது. குளிப்பாட்டுவதும் ஆகாது. ஈரத்தால் சிக்கு இறுகுவதோடு, முயல் குளிராலும் அச்சத்தாலும் உயிரிழக்கவும் கூடும்.

மேசைமீது வழுக்காத சாக்கை விரித்து முயலை அமர்த்துக. ஒருவர் மார்பையும் பின்புறத்தையும் தாங்கிப் பிடிக்கட்டும். திமிறி உதைத்தால் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்கலாகாது. மல்லாத்தினால் அசையாது கிடக்குமே என்பர். அது அச்சத்தால் விறைப்பதேயன்றி அமைதியன்று. மற்றவர் இடக்கையின் இரு விரல்களால் பாளத்தின் அடியை, இழுப்பு தோலைத் தாக்காதவாறு பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களால் நுனியிலிருந்து அடிநோக்கி, நீளவாக்கில் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். மிகவும் ஒட்டியிருந்தால் சிறிது மக்காச்சோள மாவைத் தூவலாம். பாவுக்குக் கஞ்சி தோய்க்கும் பழக்கத்தில் அதை நீரில் கரைத்துவிட வேண்டா. உலர்ந்த மாவே வேண்டும். பின்னர் அகன்ற பல் சீப்பால் வாருக. பத்து நிமிடத்துக்குமேல் முயல் பொறுக்காது. எஞ்சியதை நாளைக்கு வைத்துக்கொள்க. தோலோடு அப்பிய பாளத்தைக் கால்நடை மருத்துவரே இயந்திரத்தால் களைய வேண்டும்.

வாலருகே சிறுநீரும் புழுக்கையும் தோய்ந்த சிக்கை மட்டும் நாளைக்கு என்று விடலாகாது. வெப்பக் காலத்தில் ஈக்கள் அதில் முட்டையிடும். முட்டைகள் ஒரு நாளைக்குள் பொரிந்து, புழுக்கள் தசையைத் தின்னத் தொடங்கும். புழு ஒன்று தென்பட்டாலும் அப்போதே மருத்துவரை நாடுக.

முயல் தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்துகொள்ளும் பிராணி. அடிக்கடி சிக்கு விழுந்தால் காரணத்தை ஆராய வேண்டும். உடற்பருமன், பல்வலி, மூட்டுவலி, ஈரப் படுக்கை இவற்றுள் ஒன்று இருக்கலாம். வெண்பொடுகு உதிர்ந்தால் தோற்பூச்சியென ஐயுறலாம். அதற்காக நாய்க்குரிய பிப்ரோனில் மருந்தை இடாதீர், அது முயலுக்கு நஞ்சு. நக்கும்போது விழுங்கிய உரோமத்தை வாந்தியெடுக்க முயலால் இயலாது. ஆதலால் உலர்புல் எந்நேரமும் கிடைக்க வேண்டும். அரைநாள் தீனி தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருந்தால் அதுவும் அவசரமே.

சுமார் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தவறாது உரோமம் எடுத்துவந்தால் சிக்கு பெரிதும் குறையும். பாளமான உரோமம் தரம் பிரிக்கையில் தாழ்ந்த வகுப்பையே சேரும். அதை நல்ல உரோமத்தோடு கலவாமல் தனிப்பையில் இடுக.