கூடத்துக் கணினியும் கையடக்க ஃபோனும்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைக் கொடுக்கத் தொடங்கியது. நம் ஊர்களில் பெரும்பாலானோர் அதை முதலில் பார்த்தது பிரவுசிங் சென்டரில்தான். பிளைவுட் தடுப்புகள், மணிக்கணக்கில் கட்டணம், பிளஸ் டூ ரிசல்ட் அன்று வாசல் வரை கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை. வீட்டில் இணைப்பு வாங்கியவர்களும் கணினியைக் கூடத்தில்தான் வைத்தார்கள். திரையில் என்ன ஓடுகிறது என்பது காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பாட்டிக்கும் தெரியும். டயல்-அப்பில் இணையம் ஓடினால் டெலிபோன் எங்கேஜ்டாகிவிடும். பில்லுக்குப் பயந்தே எழுந்துவிடுவார்கள். பாதுகாப்பு என்று யாரும் தனியாக யோசிக்கவில்லை. வீட்டின் அமைப்பே அதைச் செய்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடமே வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் வாங்கியாவது ஃபோன் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி திறந்த பிறகும் ஃபோன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

அன்று தப்பான ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் தேடிப் போகவேண்டும். இன்று அது தானாக வருகிறது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததை ஃபோனே ஓட்டுகிறது. 2017இல், குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களின் உருவத்திலேயே வன்முறையும் ஆபாசமும் கலந்த வீடியோக்கள் யூடியூபில் பரவின. குழந்தைகளுக்கென்றே 2015இல் தொடங்கிய யூடியூப் கிட்ஸிலும் சில நுழைந்துவிட்டன. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டியதாக எழுந்த வழக்கை முடிக்க, 2019இல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

இதைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது அந்நியர்கள். அன்று தெரியாத ஆள் வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் வாசலைத் தாண்டவேண்டும். யாரென்று நாலு பேர் கேட்பார்கள். இன்று கேமின் சாட்டில் வந்து, வயதைக் கேட்டு, ‘கேமுக்கு டைமண்ட் வாங்கித் தரேன்’ என்று பழகி, பிறகு ஒரு படம் அனுப்பச் சொல்கிறான். அனுப்பியதும், ‘உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்’ என்கிறான். அவன் பிடி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. அடி விழும், ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. நம்முடைய கோபம்தான் அவனுக்குக் காவல்.

படங்களைப் பொறுத்தவரை நாமும் மாறிவிட்டோம். குடும்ப ஆல்பம் பீரோவுக்குள் இருந்த காலம் போய், குளிக்கும் குழந்தையின் படமும், பள்ளிப் பெயர் தெரியும் சீருடைப் படமும் ஸ்டேட்டஸில் ஏறுகின்றன. இது உடனே நிற்கவேண்டும்.

சட்டம் மெதுவாகவேனும் வருகிறது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. சிறாரின் ஆபாசப் படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. நல்ல முடிவு என்பேன். ஆனால் பொய்யான பிறந்த ஆண்டைப் போட்டு நாமே கணக்குத் திறந்துகொடுத்தால் எந்தச் சட்டமும் உதவாது.

சின்னப் பிள்ளைகள் பார்க்கும் ஃபோன் மறுபடி கூடத்துக்கு வரட்டும், ஒலி வெளியே கேட்கட்டும். இன்றிரவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: “யார் என்ன கேட்டாலும் என்கிட்ட வந்து சொல்லு. உன்னைத் திட்டமாட்டேன், ஃபோனையும் பிடுங்கமாட்டேன்.” சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், சிறார் ஆபாசப் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.