உருளைக்கிழங்கும் நெம்மேலியும்

உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு துண்டை நல்ல தண்ணீரிலும் இன்னொன்றை இரண்டு கரண்டி கல் உப்பு கரைத்த தண்ணீரிலும் போடுங்கள். சில மணி நேரத்தில் முதல் துண்டு விறைத்து, வளைத்தால் பட்டென்று ஒடியும். உப்பில் கிடந்ததோ ரப்பராய் வளையும். ஏன்? செல்லின் சவ்வு தண்ணீரை விடும்; உப்பை லேசில் விடாது. அதனால் உப்பு மிகுந்த பக்கம் நோக்கித் தண்ணீர் கசிகிறது. இதுவே சவ்வூடு பரவல். மாமல்லபுரம் பக்கம் கருவாடு போடுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி.

செங்கல்பட்டு மாவட்டம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க இதைத் தலைகீழாக்குகிறார்கள். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அதையும் மிஞ்சி அழுத்தினால்தான் நன்னீர் சவ்வைத் தாண்டும். மின்செலவு எகிறுவது இங்கேதான். நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை 2013இல் வந்தது. 2024இல் 15 கோடி லிட்டர் ஆலையும் சேர்ந்தது.